வெட்டாத வரம்பு

கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் அப்பா சிரித்தார்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் கழகத்தின் பயிற்சி மைதானம் முழுவதும் ஒரே தண்ணீர். இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம் வரை ஒரு புல் நுனிகூடத் தலை காட்டவில்லை. நடு மைதானத்தில் அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த கழக மனேஜர், காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி.

"பாத்தியளோ சேர்," என்றார் அப்பா. "அந்தத் தொங்கலிலயும் கணுக்கால். இந்தத் தொங்கலிலயும் கணுக்கால். ஒரு இடத்திலயும் கூடக் குறைய இல்லை."

மனேஜர் தன் காலடித் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"இப்பிடி ஒரு மட்டம் அக்கராயனில வேற ஆரின்ர காணியிலயும் நீங்கள் காணமாட்டியள்."

மனேஜரின் முகத்தைப் பார்த்தேன், சரியில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அது இன்னும் மோசம். நன்றாகப் படித்துவிட்டுச் சோதனை எழுதப் போன பிள்ளையின் முகம் அது.

போன கிழமை இந்தத் தொடரில் அன்ரனின் கருவாட்டுப் பையைப் பற்றி எழுதியிருந்தேன். அன்ரன் என் நண்பன், எங்கள் அணியின் பின்கள வீரன். இப்போது கட்டாரில் இருக்கிறான். அங்கிருந்து அழைத்து, "ஊர் உலகம் வாசிக்கிற பேப்பரில என்ர நாத்தத்தை எழுதி வைச்சிருக்கிறாய், உனக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கோ?" என்று ஏசினான். ஆகவே இந்தக் கிழமை கருவாடு இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

பந்தடிக்கச் சம்பளம்

கழகத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்களிடமிருந்தும் ஒரு ஏச்சு வரும். எனக்கு அன்ரன் ஒருவனே போதும்.

எங்கள் அக்கராயன் பக்கத்தில் பந்தடிக்காத ஆண்பிள்ளை குறைவு. பாடசாலை அணி, கோயில் திருவிழாக் காலத்துச் சுற்றுப்போட்டி, மாவட்ட அணி என்று ஏதாவது ஒன்றில் எல்லோரும் கால் வைத்திருப்பார்கள். ஆனால் மாதம் முடிய ஒழுங்காகச் சம்பளம் தந்து, 'நீ வேறு ஒன்றும் செய்யாதே, பந்தை மட்டும் அடி' என்று சொல்லுகிற தொழில்முறைக் கழகம் ஒன்று எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வடக்கு வீரர்களை வைத்து ஒரு அணி, அவர்களுக்கு வடக்கிலேயே ஒரு பயிற்சி மைதானம் என்பது கழக முதலாளியின் ஆசை. போட்டிகளுக்கு பஸ் ஏறி எங்கெல்லாமோ போவோம். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி.

மைதானத்துக்கு இடம் தேடியபோது அப்பா எங்கள் மேட்டுக்காணியைக் கொடுத்தார். ஏனென்றால் நான் அந்த அணியின் பந்துக்காப்பாளன்.

"உன்ர பொடியனுக்கு விளையாடச் சம்பளமாம். என்ர பொடியன் நல்லா நித்திரை கொள்ளுவான், அதுக்கும் ஏதும் குடுப்பினமோ எண்டு கேட்டுச் சொல்லு," என்று சங்கக் கடையில் அப்பாவைப் பகிடி பண்ணுவார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெருமைதான், வேறென்ன.

ஒரு விடயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு மேலே இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள். இப்போது இல்லை. அம்மாவும் அவர்களுக்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. மிஞ்சியது அப்பாவும் நானும். கழகம் அக்கராயனில் இருக்கும்வரை நான் பந்துக்காப்பாளன். கழகம் தூர இடத்துக்குப் போனால், அப்பாவை விட்டுவிட்டு நான் போகமாட்டேன், வயலுக்குத்தான் இறங்குவேன். இது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைத்தது கிடையாது.

தண்ணீரை மறிக்கத் தெரிந்தவர்கள்

மைதானத்தைச் செய்தவர்கள் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும்தான். எல்லோரும் வயற்காரர். கொழும்பிலிருந்து வந்த கட்டளை ஒன்றே ஒன்று: நிலம் நல்ல மட்டமாக இருக்க வேண்டும்.

மட்டம் என்றால் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? நாலு பக்கமும் வரம்பு கட்டினார்கள். வாய்க்காலைத் திருப்பித் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். இரண்டு சில்லு உழவு மெசினை இறக்கிச் சேறாக்கினார்கள். பிறகு மட்டப்பலகையைப் பூட்டி இழுத்தார்கள். எங்கே தண்ணீர் ஆழமோ அங்கே சேறு போனது, எங்கே மண் தெரிந்ததோ அங்கே வழித்தெடுத்தார்கள். "கண் ஏமாத்தும், தண்ணி ஏமாத்தாது," என்று அப்பா வரம்பில் நின்று சத்தம் போட்டது இன்றைக்கும் காதில் கிடக்கிறது. காய்ந்த பிறகு அறுகம்புல்லைக் கிள்ளிக் கிள்ளி நட்டு, உருளை உருட்டி முடித்தார்கள்.

ஒரு பந்தாட்ட மைதானம் நடுவில் சற்று உயர்ந்து, ஓரங்களுக்குச் சரிந்து இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் வடிந்தோட வேண்டும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. எங்கள் ஆட்களின் சீவியம் முழுவதும் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வாய்க்காலில் எப்போது வரும், வயலுக்குள் எப்படி மறிப்பது என்பதில்தான் போகிறது. தண்ணீர் வெளியே போவதற்காக ஒரு நிலத்தைச் செய்வது அவர்கள் நினைப்பிலேயே வராத காரியம். சேறடித்த மண் காய்ந்து இறுகினால் அடியாலும் ஒரு சொட்டு இறங்காது. வயலுக்கு அதுதான் தேவை.

கோடை முழுவதும் அந்த மைதானம் ஒரு சொர்க்கம். பந்து கரம்போர்ட்டில் காய் ஓடுவதைப் போல ஓடியது. எங்கள் பயிற்றுநர் முதல் நாள் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு தரையைத் தான் விளையாடிய காலத்தில் கண்டதில்லை என்றார். நான் பாய்ந்து விழுந்தால் தோள் நோகாது. பின்னேரங்களில் வெயில் தாழ, நசிந்த அறுகம்புல்லின் மணம் மூக்கில் ஏறும். இதை எழுதும்போதும் அந்த மணம் வருகிறது. எனக்கு அந்தப் பின்னேரங்கள் வேண்டும். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வரம்புக்கு அந்தப் பக்கம்

மைதானத்தின் தெற்கு வரம்புக்கு அந்தப் பக்கம், ஒரு படி தாழ்வாக, பவளமக்காவின் வயல். தனி ஆள். தானே விதைத்து, தானே களை பிடுங்கி, அறுவடைக்கு மட்டும் ஆள் பிடிப்பார். என்னைவிட ஒரு பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு இருக்கும். வயலோரத்திலேயே ஒரு தகரக் கொட்டில் போட்டு இருந்தார்.

பயிற்சியில் நான் நிற்பது பெரும்பாலும் தெற்குக் கோல்தான். உயரமாக வரும் பந்துகளை எடுக்கப் பாயும்போது காப்பாளன் "என்ர!" என்று கத்த வேண்டும். அது சொந்த ஆட்களுக்குச் சொல்லுகிற செய்தி. எல்லாரும் விலகுங்கள், இது என்னுடைய பந்து. கத்திவிட்டுத் தவறவிட்டால் பந்து என் தலைக்கு மேலாலும், குறுக்குக் கம்பத்துக்கு மேலாலும், வரம்புக்கு மேலாலும் போய் பவளமக்காவின் வயலில் விழும்.

பயிர் நிற்கும் வயலுக்குள் சப்பாத்தோடு இறங்கக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். பவளமக்கா எடுத்து எறிந்தால்தான் பந்து. அவர் சும்மா எறியவும் மாட்டார். முதலில் பந்தைச் சேலைத் தலைப்பில் துடைப்பார். பிறகு பேச்சு. "இது பந்தடிக்கிற இடமோ, என்ர நெல்லுக்குக் கல்லெறியிற இடமோ?" பிறகுதான் பந்து வரும், நல்ல உயரத்தில், நேராக என் கைக்கு.

கொஞ்ச நாளில் அவர் தேறிவிட்டார். நான் "என்ர!" என்று கத்தியதுமே களை பிடுங்குவதை விட்டு நிமிர்ந்து, அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். சில பந்துகளை நிலத்தில் விழமுன்னமே பிடித்தார். "நீ விட்டதை நான் பிடிச்சனான், உன்ர சம்பளத்தில பாதி எனக்கு," என்பார். ஆனாலும் ஏச்சு நின்றபாடில்லை. அவருக்கு எங்களைக் கண்ணில் காட்டக் கூடாது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மூத்தவனின் கட்டில்

அன்ரன் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன். தகப்பனோடு கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தவனைக் கழகம் கூட்டி வந்தது. தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது என்பதால் கிழமை நாட்களில் எங்கள் வீட்டில் தங்கினான். எங்கே படுப்பது என்று அவன் கேட்கும் முன்பே அப்பா என் மூத்த அண்ணனின் கட்டிலைத் தட்டித் துடைத்து, புதுப் பாய் விரித்து வைத்திருந்தார். அந்தக் கட்டிலில் அதுவரை யாரும் படுத்ததில்லை. துணி மடித்து வைப்பதற்குக்கூட அப்பா விடுவதில்லை.

குசினியில் மூன்று பேருக்குச் சமைக்கத் தொடங்கினோம். அன்ரன் மீனைத் தவிர வேறு எதைச் சமைத்தாலும் கெடுத்துவிடுவான். அப்பா அவன் ஆக்கிய மரக்கறியை எல்லாம் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார். நான் சமைத்தால் மட்டும் உப்புக் குறையும்.

மைதானத்தில் எனக்கு முன்னால் நிற்பவன் அவன். அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கமாட்டான். எதிரணிக்காரன் எங்கே நிற்கிறான், பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பேன், அவன் கேட்டுக்கொண்டே ஓடுவான். "எனக்கு முதுகில கண் இல்லை, நீதான் நிக்கிறாய்," என்பான். விளையாட்டு முடிந்தால் எனக்குத் தொண்டை கட்டியிருக்கும், அவனுக்குக் கால். அப்பா இருவருக்கும் கொத்தமல்லி அவித்துத் தருவார்.

அந்த ஒரு வருசம் எங்கள் வீட்டில் சத்தம் இருந்தது.

"போகாது சேர்"

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மனேஜர் வீரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மாரிக்குள் ஒருநாள் வேறொரு கழகத்தைப் பயிற்சிப் போட்டிக்குக் கூட்டி வருவாராம். அன்றைக்கு மழை பெய்தாலும் பின்னேரம் இங்கே விளையாட முடிந்தால் கழகம் அக்கராயனில் இருக்கும், உடைமாற்றும் அறையும் கட்டுவார்கள். முடியாவிட்டால் தெற்கில் ஒரு செயற்கைப் புல் மைதானம் பார்த்து வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அங்கே வர வேண்டும்.

அப்பாவின் காதுக்குப் போனது இவ்வளவுதான்: கொழும்பு ஆட்கள் மைதானத்தைச் சோதிக்க வருகிறார்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. மட்டத்தைத்தானே சோதிப்பார்கள்.

அந்த நாளும் வந்தது. விடியற்காலை தொடங்கிய மழை பத்து மணி மட்டும் ஊற்றியது. போட்டி நாலு மணிக்கு. எதிரணியின் பஸ் புளியங்குளம் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. இப்போது நீங்கள் முதலில் பார்த்த அந்தக் காட்சிக்கு வந்துவிட்டோம், தண்ணீருக்கு நடுவில் அப்பாவும் மனேஜரும்.

மனேஜர் தன்மையான மனிதர்தான். கடைசியில் மெதுவாகக் கேட்டார். "ஐயா, இந்தத் தண்ணி எப்ப போகும்?"

"போகாது சேர்," என்றார் அப்பா, முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு சொட்டும் போகாது."

"போக வேணும் ஐயா. போனால்தான் விளையாடலாம்."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை, அவர் பார்த்துப் பார்த்து மட்டமடித்த அந்த நிலத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டார், கரை தண்ணீரில் நனைந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

மண்வெட்டி

கிடைத்த வாளி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். வள்ளத்துக்குள் தண்ணீர் இறைத்துப் பழகிய கை அன்ரனுக்கு, ஒரு ஆள் மூன்று ஆளின் வேலை செய்தான். ஆனால் வீதிப் பக்கம் உயரம், ஊற்றியதில் பாதி திரும்பி வந்தது. வாய்க்கால் பக்கமும் உயரம். மேற்கே மேடு. தாழ்வு என்றால் தெற்கு ஒன்றுதான், பவளமக்காவின் வயல். தெற்கு வரம்பை ஒரு பாகம் வெட்டிவிட்டால் இரண்டு மணித்தியாலத்தில் மைதானம் வெளித்துவிடும்.

பவளமக்கா முளைநெல் வீசி இரண்டோ மூன்றோ நாள். அன்றைய மழையே அந்த விதைப்புக்குப் பெரிய சோதனை. மைதானத்துத் தண்ணீரும் போய் இறங்கினால் நெல் முழுக்க அள்ளுண்டுவிடும்.

நான் மண்வெட்டியோடு வரம்பில் ஏறினேன். அன்ரன் வாளியைப் போட்டுவிட்டு என் பின்னால் வந்தான்.

"வெட்டு மச்சான்."

"விதைச்சுக் கிடக்கடா."

"விதைச்சால் என்ன? நெல்லுத்தானே. பேந்து நாங்கள் எல்லாரும் சேந்து அவாவுக்கு விதைச்சுக் குடுப்பம். வெட்டு."

அவன் கடற்கரையில் பிறந்தவன். வரம்பு என்றால் நடக்கிற பாதை என்று நினைப்பவன். மற்றவனின் விதைப்புக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவது எங்கள் ஊரில் என்ன காரியம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? அதற்காகத் தலைமுறைக்கும் முகம் பார்க்காமல் போன குடும்பங்கள் இருக்கின்றன.

அப்பாவும் வந்துவிட்டார். நான் கேட்டேன். "அப்பா, அவாவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பமோ?"

"கேக்காத."

"ஒரு சொல்லுக் கேட்டால் என்ன?"

"கேட்டால் அவா ஓம் எண்டுதான் சொல்லுவா, தம்பி, தனிச்சு எங்களை அண்டி இருக்கிற மனுசி. அதாலதான் கேக்கக் கூடாது. இல்லை எண்டு சொல்ல ஏலாத ஆளிட்ட ஒண்டையும் கேக்கப்படாது."

பவளமக்கா தன் கொட்டில் வாசலில், தலையில் ஒரு உரப்பையைப் போட்டுக்கொண்டு, எங்களையே பார்த்தபடி நின்றார். அவ்வளவு தூரம்கூட இல்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் மண்வெட்டியை ஓங்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

"வெட்டுறதெண்டால் வெட்டு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றார் அப்பா. அவருடைய குரல் சரியில்லை. மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு இறங்கினேன்.

நாலு மணிக்கு எதிரணியின் பஸ் வந்தது. இறங்கியவர்கள் தண்ணீரைப் பார்த்துச் சிரித்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள். பிளேன்ரீயும் பணிசும் கொடுத்து அனுப்பினோம். கழகமும் அந்த மாத முடிவோடு போய்விட்டது.

நெல்

அன்ரன் போன காலையில் அப்பா வயலுக்குப் போய்விட்டார், வழியனுப்ப நிற்கவில்லை. அவன் கட்டிலில் பாயைச் சுருட்டி வைத்திருந்தான். "நீயும் வா" என்று அவன் கேட்கவில்லை, அதற்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவன். பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னலால் தலையை நீட்டி, "முதுகு குளிருதடா கீப்பர்," என்றான். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மைதானத்தை வயலாக்க ஒரு வேலையும் இருக்கவில்லை. மட்டம் தயாராக இருந்தது, வரம்பு தயாராக இருந்தது. புல்லை உழுது புரட்டி விதைத்தோம். அப்பாவின் கூட்டாளிகள் இன்றைக்கும் சொல்லுவார்கள், ஊரிலேயே தண்ணீர் சீராக நிற்கிற வயல் அதுதான் என்று. வடக்குக் கோல் கம்பங்களைப் பிடுங்கி மாட்டுக்கொட்டிலுக்கு வைத்தோம். தெற்குக் கோல் வரம்போடு ஒட்டி, சீமெந்து போட்டு இறுக்கியிருந்ததால் அசையவில்லை. அப்பா அதில் புடலங்கொடி படரவிட்டார். காலையில் வரம்பால் போகும்போது பழக்க தோசத்தில் துள்ளிக் குறுக்குக் கம்பத்தைத் தொடப் பார்ப்பேன், கையில் புடலங்காய் இடிக்கும்.

அன்ரன் தெற்கில் சில காலம் நன்றாக விளையாடினான். பிறகு முழங்கால் போனது. இப்போது கட்டாரில் ஒரு பெரிய பயிற்சி மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிற வேலை. "இஞ்ச காலமையும் பின்னேரமும் தண்ணி அடிக்கிறன் மச்சான், அடிச்ச உடன மண் குடிச்சிடுது. உன்ர அப்பா வந்து கண்டால் அழுவார்," என்பான்.

அப்பா போன வருசம் இறந்தார். அன்ரனால் வரமுடியவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று தொலைபேசியில் அவன் விக்கி விக்கி அழுததைக் கேட்டபோது, என் அண்ணன்மாரில் ஒருவன் அழுவதைப் போல இருந்தது.

கேட்ட சொல்

இனி இந்தக் கிழமை நடந்தது. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

காலபோக விதைப்புக்கு வயலைத் தயார் செய்திருந்தேன். விதைக்க முன்னம் நிற்கிற தண்ணீரை வடிக்க வேண்டும், அது பவளமக்காவின் வயலால்தான் போக வேண்டும். அவர் இன்னும் விதைக்கவில்லை. ஒவ்வொரு வருசமும் செய்வதைப் போல வரம்பில் நின்று கேட்டேன்.

"அக்கா, தண்ணியை உங்கட பக்கத்தால விடலாமோ?"

"விடு தம்பி." மண்வெட்டியால் வரம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தவர், அதை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வருசா வருசம் கேக்கிறாய் என்ன."

"கேக்காமல் விடலாமோ அக்கா?"

"அண்டைக்குக் கேக்கேல்லையே."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் புடலங்காய் தொங்குகிற கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீ இதே இடத்தில மண்வெட்டியோட நிண்டனி. நான் அங்க மழைக்குள்ள நிண்டனான். வந்து ஒரு சொல்லுக் கேப்பாய் கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நீங்கள் விதைச்சிருந்தனீங்கள் அக்கா."

"ஓம், நான்தான் விதைச்சனான். அப்ப அது அழியட்டும் எண்டு சொல்லவேண்டியதும் நான்தானே? நீயும் கொப்பரும் வரம்பில நிண்டு என்ர நெல்லுக்கு முடிவெடுத்திட்டுப் போட்டியள்."

அப்பா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன், கேட்டால் நீங்கள் ஓம் என்பீர்கள், அதனால்தான் கேட்கக் கூடாது என்றார் என்று.

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். உங்களுக்குப் பயந்தில்லை. விதைப்பு அழிஞ்சு அழிஞ்சு நான் எத்தினை தரம் திரும்ப விதைச்சனான், தம்பி? நெல்லு திரும்ப முளைக்கும். பந்தடி போனால் வருமோ?"

"உங்களுக்கு எங்களைப் பிடிக்காதெண்டெல்லோ நாங்கள் நினைச்சனாங்கள்."

"ஏசினால் பிடிக்காதெண்டே? பின்னேரத்தில வேற என்ன சத்தம் கேட்டது எனக்கு?" என்றுவிட்டுக் குனிந்து வரம்பைச் செதுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவில்லை.

நான் தண்ணீரைத் திறக்கவில்லை. கோல் கம்பத்தடியில் போய்க் குந்தியிருந்து கட்டாருக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்ரன் வேலையில் நின்றான், பின்னால் தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் அப்பவே வெட்டச் சொன்னனான்' என்று துள்ளப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் துள்ளவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் நின்றது, குழாயைப் பூட்டியிருக்க வேண்டும்.

"நானும் வெட்டு வெட்டெண்டுதானே கத்தினனான்," என்றான். "அவாவைக் கேள் எண்டு நானும் சொல்லேல்லை."

"ஓமடா."

"எங்க நிக்கிறாய் இப்ப?"

"தெற்குக் கோலுக்குள்ள."

"கீப்பர், ஒருக்காக் கத்தடா."

"விசரே உனக்கு? ஆக்கள் பாப்பினம்."

"ஒருக்கா மச்சான். கேட்டுக் கன காலம்."

எழும்பினேன். தொலைபேசியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் நின்று, இத்தனை வருசமும் கத்தாத தொண்டையால் கத்தினேன்.

"என்ர!"

வயலில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. தொலைபேசியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வரம்புக்கு அந்தப் பக்கம் பவளமக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் விரித்தபடி, பந்து எங்கே வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.